அக்கரைத் தண்ணீர்

எங்கள் நகரத் தலைவருக்கு ழகரம் வராது. ஊரில் பாதிப் பேருக்கும்தான் வராது. மழையை மளை என்போம், பழத்தைப் பளம் என்போம், யார் காதிலும் அது உறுத்தாது. தலைவர் அதையும் தாண்டிப் போய்விடுவார். அவர் வாயில் மழை மலையாகிவிடும். வழி வலியாகிவிடும். குழந்தை கொலந்தையாகிவிடும், கேட்கிறவர் ஒரு கணம் திடுக்கிட்டுவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போக முடியும்.

சந்தையில் மூட்டை தூக்கி, பிறகு மூட்டை தூக்குகிறவர்களுக்குச் சங்கம் வைத்து, அதன் வழியாகத் தேர்தலுக்கு வந்தவர் அவர். ஜெயித்த அன்று மைதானத்தில், "ஏழைகளின் வழியே என் வழி" என்று சொல்ல வேண்டிய இடத்தில், "ஏலைகளின் வலியே என் வலி" என்றார். கூட்டம் கைதட்டியது. அப்படித்தான் எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தோம். கேட்கவும் நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் எதிர்த்தரப்பினர், அவருக்கு அச்சிட்டுக் கொடுத்திருந்த உரையையும் அவர் பேசியதையும் அருகருகே வைத்து ஊரெல்லாம் ஒட்டிவிட்டார்கள். "தலைவருக்கு எங்கே வலி?" என்று அதற்குமேல் ஒரு கேள்வி. கடைத்தெருவில் ஒரு தைல வியாபாரி தலைவர் படத்தை வாசலில் மாட்டி, அடியில் தன் தைலத்தின் பெயரை எழுதிவைத்தார்.

அதன்பிறகு ஊரே இரண்டுபட்டது. நாக்கா ஆட்சி பண்ணப்போகிறது, கைதானே என்றார்கள் ஒரு சாரார். குழந்தைகூடச் சொல்கிற சொல்லைச் சொல்லத் தெரியாதவர் ஊருக்கு எதைச் சொல்லப்போகிறார் என்றார்கள் மறுசாரார். தேநீர்க் கடையில் இதற்காக ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்ததையும் பார்த்திருக்கிறேன்.

இதில் கத்தரி அக்கா எந்தப் பக்கம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. நகர மன்றக் கட்டடத்தின் மாடியில் செய்திப் பிரிவு. அதில் தலைவரின் உரைகளை எழுதுகிறவர் அக்கா. அதை ஒலிப்பதிவு செய்கிறவன் நான். அக்கா அதற்குமுன் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலையில் இருந்தவர். கடைப் பலகையில் ஒற்று விட்டுப் போயிருந்தால் உள்ளே போய்ச் சொல்லிவிட்டுத்தான் சாமான் வாங்குவார். தலைவர் பேசும்போது ஒவ்வொரு ழகரமும் தனக்குச் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். ஆனால் தலைவரை அவர் ஒருநாளும் கேலி செய்ததில்லை. கேலி செய்கிறவர்களோடு சேர்ந்து சிரித்ததும் இல்லை. அந்தக் கல்லைப் பொறுக்கி எடுப்பது தன் வேலை என்று எடுத்துக்கொண்டார்.

அது எப்படி ஆரம்பித்தது என்றால், ஒருநாள் தலைவரே படியேறி எங்கள் அறைக்கு வந்தார். ஒலிப்பதிவு அறை சின்னது. எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்கப் பழைய மெத்தைப் பஞ்சை ஒட்டியிருப்போம். அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, சின்ன வயதில் வாத்தியார் தன்னை வகுப்பின் முன்னால் நிறுத்தி வாழைப்பழம் என்று திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னதையும், வகுப்பே விழுந்து விழுந்து சிரித்ததையும், அன்று பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் பிறகு அந்தப் பக்கமே போகாததையும் சொன்னார். கடைசியில் அக்காவைப் பார்த்து, "என் நாக்கு மடங்காதும்மா. அந்த எழுத்தே வராம எழுதித் தர முடியுமா?" என்று கேட்டார். எழுத்து என்பதையும் அவர் எலுத்து என்றுதான் சொன்னார்.

அக்கா முடியும் என்றார். அன்றிலிருந்து எந்த உரை வந்தாலும் முதலில் சிவப்புப் பென்சிலை எடுத்து ழ வருகிற இடமெல்லாம் சுழித்துவிடுவார். பிறகு ஒவ்வொன்றாக வெட்டுவார். குழந்தை போய்ப் பிள்ளை வரும். வழி போய்ப் பாதை வரும். பழைய என்பது முந்தைய ஆகும், கீழே என்பது அடியில் ஆகும், வாழ்க்கை என்பது நாட்கள் ஆகும். வாழ்த்து சொல்ல வேண்டிய இடத்தில் "நலம் பெருகட்டும்" என்று போடுவார். எங்கள் செயலாளர்தான் இதைப் பார்த்துவிட்டுக் கத்தரி என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரில் அக்காவுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

தலைவரும் மாறிப்போனார். தாள் கையில் இருந்தால் தண்ணீர்போலப் பேசுவார். சுவரொட்டிகள் மழையில் உரிந்து விழுந்தன. தைலக்காரர் படத்தைக் கழற்றிவிட்டார். கூட்டங்களுக்கு வருவதை நிறுத்தியிருந்த தலைவரின் மனைவி மறுபடி முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். தாள் இல்லாமல் பேச வேண்டிய இடங்களை மட்டும் தலைவர் மெல்ல மெல்லத் தவிர்த்தார். சந்தைக்குப் போவதைக்கூடக் குறைத்துக்கொண்டார். அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இனிமேல்தான் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரை ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. மேற்குக் கரையில் மன்றம், நீதிமன்றம், பெரிய வீடுகள். கிழக்குக் கரையில் பட்டறைகள், தையல் கடைகள், நெருக்கமான குடியிருப்புகள். நடுவில் ஒரே ஒரு பாலம். அந்த வருடம் விடாமல் மழை கொட்டியதில் கிழக்குக் கரையில் சாக்கடைக் குழாய் உடைந்து, அந்த நீர் பக்கத்திலேயே ஓடிய குடிநீர்க் குழாய்க்குள் புகுந்துவிட்டது. தண்ணீர்த் துறைப் பொறியாளர் காலையிலேயே ஒரு குறிப்பு அனுப்பினார். மழையால் கிழக்குக் கரையில் கழிவுநீர்க் குழாய் உடைந்து குடிநீர்க் குழாயில் கலந்துவிட்டது, கிழக்குக் கரையில் யாரும் குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, குழந்தைகளின் உயிருக்கே ஆபத்து, உடனே சொல்லிவிடுங்கள் என்று அதில் இருந்தது.

யார் சொல்வது என்று பேச்சு வந்தது. பொறியாளர் சொன்னால் ஊர் பயந்துவிடும், தலைவர் தன் வாயால் சொன்னால்தான் மக்கள் அமைதியாகக் கேட்பார்கள் என்றார் செயலாளர். குறிப்பு அக்காவின் மேசைக்கு வந்தது.

அக்கா அதைப் படித்துவிட்டுச் சிவப்புப் பென்சிலால் சுழித்தார். மழை, கிழக்கு, கழிவு, குழாய், குழந்தை. தலைவரின் நாக்குக்கென்றே யாரோ பொறுக்கி வைத்தது போல எல்லாம் அந்த எழுத்து. "இன்னிக்கு எனக்குப் பரீட்சைதான்" என்று என்னிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மழையை முதலில் தூக்கினார். கழிவுநீர் என்பதற்குப் பதில் சாக்கடை என்று போட்டார். செயலாளர் எட்டிப் பார்த்து, அந்தச் சொல் அருவருப்பாக இருக்கிறது, தரம் குறைந்தது என்று போடுங்கள் என்றார். குழாய்த் தண்ணீர் என்பது வீடுகளுக்கு வரும் தண்ணீர் ஆயிற்று. குழந்தைகள் சிறுவர்கள் ஆனார்கள். உயிருக்கு ஆபத்து என்பதில் ழகரம் இல்லை. ஆனாலும் தரம் குறைந்ததுக்கும் உயிருக்கும் பொருந்தவில்லை என்று அது தானாக உதிர்ந்துபோயிற்று. கடைசியாக நின்றது கிழக்கு. அதற்குத்தான் மாற்றுச் சொல் அகப்படவில்லை. ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தார். மன்றத்தில் நாங்கள் எல்லோரும் அந்தப் பக்கத்தை எப்போதும் எப்படிச் சொல்வோமோ அப்படியே எழுதினார்.

மதியம் தலைவர் வந்து பஞ்சு ஒட்டிய அறையில் உட்கார்ந்து படித்தார். "அன்பார்ந்த மக்களே, அக்கரையில் வீடுகளுக்கு வரும் தண்ணீரின் தரம் சற்றுக் குறைந்துள்ளது. மறு அறிவிப்பு வரும் வரை அதைப் பருக வேண்டாம். சிறுவர்களுக்கும் கொடுக்க வேண்டாம். அச்சப்படத் தேவையில்லை, நிலைமை சீராகிவருகிறது."

ஒரே மூச்சில் முடித்தார். ஓர் இடத்திலும் இடறவில்லை. வெளியே வந்ததும், "நல்லா வந்துச்சா?" என்று அக்காவைத்தான் கேட்டார். அக்கா தலையாட்டினார். ஒரு ழ கூட இல்லாமல் இவ்வளவையும் சொல்லிவிட்டாரே என்று செயலாளர் அக்காவின் மேசையைத் தட்டிப் பாராட்டினார். நான் பதிவை உள்ளூர்த் தொலைக்காட்சிக்கு அனுப்பினேன். ஒலிபெருக்கி வண்டிகளுக்கும் கொடுத்தேன். பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தெருத்தெருவாக அதே குரல், அதே வாசகம், சாயங்காலம்வரை ஓடியது.

பிற்பகலில் நான் ஜன்னலில் நின்று பாலத்தைப் பார்த்தேன். என்றைக்கும் இல்லாத கூட்டம். குடம், வாளி, பிளாஸ்டிக் கேன், மிதிவண்டியின் இரண்டு பக்கமும் தொங்குகிற டின்கள். செயலாளர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, பாருங்கள், சொன்னதும் எப்படிக் கேட்கிறார்கள் என்றார். எனக்கும் நிறைவாக இருந்தது. கிழக்குக் கரைக்காரர்கள் நம் பக்கம் தண்ணீர் பிடிக்க வருகிறார்கள் என்றே இருவரும் நினைத்தோம். காலிக் குடங்கள் எந்தப் பக்கம் போகின்றன, நிறைந்த குடங்கள் எந்தப் பக்கம் வருகின்றன என்று இருவருமே கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது அக்கா பின்னால் எனக்குச் சொன்னது. அவருடைய வீடு மேற்குக் கரையில், மன்றத்திலிருந்து நடக்கிற தூரம். கணவர் தையல்காரர், கடை கிழக்குக் கரையில். அன்று அக்கா வீட்டுக்குப் போய்க் கைகால் கழுவிக்கொண்டு நிற்கையில் கணவர் வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே இருந்தது. இரண்டு கைகளிலும் பெரிய தண்ணீர்க் கேன்கள். மூச்சு வாங்க அவற்றைச் சமையலறை மேடையில் வைத்தார்.

"எதுக்குங்க இது?" என்று அக்கா கேட்டார்.

"தலைவர் சொன்னாரே, கேக்கலயா? அக்கரைத் தண்ணி சரியில்லையாம். அதான் கடைக் குழாயில புடிச்சிட்டு வந்தேன்."

அக்காவுக்குப் புரியவில்லை. "கடை கிழக்குல இல்ல இருக்கு?"

"ஆமா. கடையிலேர்ந்து பாத்தா நம்ம வீடுதானே அக்கரை." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பாலமே கொள்ளல. அங்க வேல பாக்கிறவங்க வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லி, நம்ம தெருவுல பாதிப் பேரு குடத்தோட அங்கதான் நிக்கிறாங்க. நம்ம பொண்ணுக்கு மொதல்ல ஒரு டம்ளர் குடுத்துட்டுத்தான் உள்ள வரேன். வாசல்ல விளையாடிட்டு இருந்தா, தாகம்னா."

அந்த நேரத்தில் தனக்குக் காது அடைத்துவிட்டது என்று அக்கா சொன்னார். கணவரின் வாய் அசைவது தெரிகிறது, சத்தம் வரவில்லை. மேடையில் கேன் இருக்கிறது. கேனுக்குள் தண்ணீர் பளிங்கு மாதிரித் தெளிவாக இருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். பிறகு எதுவும் பேசாமல் இரண்டு கேன்களையும் கவிழ்த்தார். ஒன்று சரிந்து தரையெல்லாம் தண்ணீர். கணவர் ஏதோ கோபம் என்று நினைத்துத் தடுக்கப் போனார். "நான்தான் எழுதுனேன்" என்று மட்டும் அக்காவால் சொல்ல முடிந்தது. செருப்பைக்கூடப் போடாமல் மகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி, எதிரே வந்தவர்களிடமெல்லாம் அதைக் குடிக்காதீர்கள், அந்தத் தண்ணீர்தான் கெட்டது என்று சொல்லிக்கொண்டே ஓடியிருக்கிறார். பலபேர் நம்பவில்லை. தலைவரே சொல்லியிருக்கும்போது இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று ஒதுங்கிப் போனார்கள்.

நான் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தேன். அக்கா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறி வந்தார். அவர் சொல்லச் சொல்லத்தான் பிற்பகலில் நான் ஜன்னலில் பார்த்தது என்ன என்று உறைத்தது. பூட்டிய கதவை மறுபடி திறந்தேன். மகளுக்கு எங்கள் பிரிவுப் பெண் ஒருவர் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போனார். அக்கா நேராகத் தலைவரின் அறைக்குப் போனார். அனுமதி கேட்கவில்லை.

செயலாளர் விஷயத்தைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். தலைவர் எழுந்து நின்றுவிட்டார். பிறகு தலைவர் மிகவும் தணிந்த குரலில், "படிக்கும்போது எனக்கும் தோணுச்சும்மா. யாருக்கு எது அக்கரைன்னு" என்றார். "கேட்டா, அந்தப் பேரை நான் சொல்ல வேண்டி வருமேன்னு விட்டுட்டேன்."

அக்கா தன் கையால் ஒரு தாளில் எழுதி நீட்டினார். சிவப்புப் பென்சில் இல்லை, சுழிப்பு இல்லை. பொறியாளர் காலையில் என்ன எழுதினாரோ அதுவேதான், மதியம் சொன்னது தப்பு, பிடித்து வந்ததைக் கொட்டிவிடுங்கள் என்று மட்டும் சேர்த்திருந்தார். வேறு யாரையாவது படிக்கச் சொல்லலாம் என்று செயலாளர் சொன்னார். தலைவர் மறுத்துவிட்டார். மதியம் என் குரலைக் கேட்டுத்தானே போனார்கள், என் குரலைக் கேட்டுத்தான் திரும்பி வருவார்கள் என்றார்.

பஞ்சு அறையில் நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தேன். அவர் தாளை ஒலிவாங்கிக்குப் பக்கத்திலேயே பிடித்திருந்ததில் அது சரசரத்து, அந்தச் சத்தமும் பதிவாகிக்கொண்டிருந்தது. "மக்களே, மதியம் நான் சொன்னது தப்பு. கிலக்குக் கரையில, கேட்டுக்கங்க, கிலக்குக் கரையில கலிவுநீர்க் குலாய் உடைஞ்சு குடிதண்ணியில கலந்துடுச்சு. கிலக்குக் கரையில குலாய்த் தண்ணியக் குடிக்காதீங்க. புடிச்சிட்டு வந்ததயும் கொட்டிடுங்க. கொலந்தைங்களுக்குக் குடுக்காதீங்க. கொலந்தைங்க செத்துப்போயிடும்." கடைசி வாக்கியம் தாளில் இல்லை. அவராகச் சேர்த்தது.

அதைத் திருத்தவோ மறுபடி எடுக்கவோ நேரமில்லை. அப்படியே அனுப்பினேன். வண்டிகள் மறுபடி கிளம்பின. கொஞ்ச நேரத்தில் பாலத்தின் மேலிருந்து ஜனங்கள் கேன்களை ஆற்றில் கவிழ்ப்பதைப் பார்த்தேன். எந்தக் கரை என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒருவரும் எங்களுக்குப் போன் செய்து, தலைவர் என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை.

ஆனால் மதியத்திலிருந்து அதுவரை குடித்தது குடித்ததுதானே. மறுநாள் விடிந்தபோது ஆஸ்பத்திரியின் நடைபாதையில்கூடப் பாய் போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். இரண்டு கரைக்காரர்களும் இருந்தார்கள். எங்கள் சொல்லைக் கேட்டு நடக்காதவர்கள் தப்பித்துக்கொண்டார்கள், கேட்டு நடந்தவர்கள் அங்கே கிடந்தார்கள் என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. அக்காவின் மகள் வாந்தியும் காய்ச்சலுமாக இருந்து தேறிவிட்டாள். எல்லோரும் அப்படித் தேறவில்லை.

அக்காவின் கணவர் கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பொத்தான் தைக்கிற ஒரு பெண் உண்டு. காஜா அம்மா என்று கூப்பிடுவார்கள். பெயர்தான் அம்மா, வயதில் அக்காவைவிடச் சின்னவர். கடைக்கு இரண்டு தெரு தள்ளிக் கிழக்குக் கரையிலேயே வீடு. அவருடைய கைக்குழந்தை மூன்றாம் நாள் காலையில் போய்விட்டது.

அக்கா அங்கே போனபோது நானும் கூடப் போனேன். தனியாகப் போகவிட மனம் வரவில்லை. போக வேண்டாம், போய் என்ன சொல்லப்போகிறாய், அது உன்னால் என்று யாருக்கும் தெரியாதே என்று கணவர் தடுத்துப் பார்த்தார். அக்கா கேட்கவில்லை. ஒரே அறை வீடு. மூலையில் தொட்டிலைக் கழற்றி வைத்திருந்தார்கள். மேலே கொக்கி மட்டும் இருந்தது. காஜா அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழுது முடித்த முகம். அக்காவைப் பார்த்ததும், முதலாளியின் மனைவி என்று எழுந்திருக்கப் பார்த்தார். அக்கா அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்துத் தானும் தரையில் உட்கார்ந்தார்.

காஜா அம்மாதான் முதலில் பேசினார். "வண்டி எங்க தெருவுல வந்துச்சுக்கா. நல்லாதான் கேட்டேன். அக்கரைன்னாரு. அப்பாடா, நல்லவேளை, நம்ம பக்கம் இல்லன்னு நெனச்சுப் பால்ல தண்ணி கலந்தேன்."

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அதை எழுதுனது நான்தான்மா" என்றார்.

அவருக்கு விளங்கவில்லை. தலைவர்தானே சொன்னார் என்றார். தலைவர் சொல்வதையெல்லாம் தான்தான் எழுதிக் கொடுப்பது என்றும், கிழக்கு என்ற சொல் அவர் வாயில் சரியாக வராது என்பதற்காகத் தான் அதை மாற்றியதாகவும், அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லும்போது குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் என்னால் கொஞ்சம் தாங்க முடிந்திருக்கும்.

காஜா அம்மா அக்காவின் முகத்தையே பார்த்தார். கோபம் வரும் என்று நான் எதிர்பார்த்தேன். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. எட்டாத ஒன்றை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறவர் போல் இருந்தார்.

"வராதுன்னா என்னக்கா? அவரு கிலக்குன்னு சொன்னா எனக்குக் கிழக்குன்னு தெரியாதா?"

திரும்பி வரும்போது அக்கா பாலத்தின் நடுவில் நின்றுவிட்டார். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது.

பிறகு விசாரணை வைத்தார்கள். வெளியூரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். உடைந்த குழாயைப் பார்த்தார், பொறியாளரைக் கேட்டார், குழாய் போட்ட ஒப்பந்தக்காரரைக் கேட்டார். எங்களை யாரும் கூப்பிடவில்லை. அக்கா தானாகப் போய், அறிவிப்பை எழுதியது தான் என்றும், தவறு அதில்தான் என்றும் சொன்னார். அதிகாரி அந்த அறிவிப்பை வரவழைத்து இரண்டு தடவை படித்தார். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது, மொழி சுத்தமாக இருக்கிறது, மக்கள் பதறாமல் பக்குவமாகச் சொல்லியிருக்கிறீர்களே என்றார். அறிக்கையிலும் அப்படியே எழுதினார். முதல் அறிவிப்பு பிழையற்றது என்றும், இரண்டாவது அறிவிப்பின் உச்சரிப்பும் சொல்லாட்சியும் மக்களிடையே பீதியைக் கிளப்பும்படி இருந்தன என்றும் அதில் இருந்தது. ஒரு குழந்தையைக் கொன்ற வாக்கியத்துக்கு முழு மதிப்பெண். ஊரைக் காப்பாற்றிய வாக்கியத்துக்குக் கண்டனம்.

ஊரும் ஒன்றும் அந்த அதிகாரிக்குச் சளைத்ததில்லை. குழாயைப் பற்றிய பேச்சு ஒரு மாதத்தில் அடங்கிவிட்டது. "கொலந்தைங்க செத்துப்போயிடும்" என்று தலைவர் சொன்னதை யாரோ வெட்டி எடுத்துத் தாளம் சேர்த்துப் பாட்டாக்கினார்கள். அது போனுக்குப் போன் பறந்தது. பேருந்தில் ஒருவர் அதைக் கேட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததை நான் பார்த்தேன். குழந்தை இறந்தது தெரிந்துதான் சிரித்தாரா, தெரியாமல் சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பாட்டைக் கேட்டுத் தலைவரின் மனைவி மறுபடி வீட்டோடு இருந்துவிட்டார்.

தலைவர் அதன்பிறகு தாள் வைத்துப் பேசவில்லை. வந்ததை வந்தபடி பேசினார். காஜா அம்மாவின் வீட்டுக்கு ஒருநாள் கட்சிக்காரர்கள் இல்லாமல் தனியாகப் போய் வந்தார் என்று கேள்வி. அங்கே என்ன பேசினார் என்று இருவருமே வெளியில் சொல்லவில்லை. அடுத்த தேர்தலில் தோற்றார். குழாயால் தோற்றார் என்பவர்களும் உண்டு, நாக்கால் தோற்றார் என்பவர்களும் உண்டு.

புதிதாக வந்தவர் நன்றாகப் படித்தவர். அவர் ழகரம் சொன்னால் மணி அடித்த மாதிரி இருக்கும். விசாரணை அறிக்கையில் அக்காவைப் பற்றிப் படித்துவிட்டு, இவர்தான் எனக்கு எழுத வேண்டும் என்று ஆள் அனுப்பினார். அக்கா வேலையை விட்டுவிட்டார். ஓய்வூதியம் கிடைக்கிற வேலை. கையில் இருக்கிற வெண்ணெயை விட்டுவிட்டு நெய்க்கு அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நீ எதற்கு அலைகிறாய் என்றே தெரியவில்லையே என்று கணவர் புலம்பினார். பிறகு கடையிலேயே ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். அளவு குறிப்பதும், ஓரம் மடித்துத் தைப்பதும், இஸ்திரி போடுவதும் இப்போது அக்கா.

சென்ற வாரம் கால்சட்டையின் நீளத்தைக் குறைக்க அங்கே போயிருந்தேன். காஜா அம்மா வேலைக்குத் திரும்பியிருந்தார். இருவரும் ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு பக்கம் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் தொலைக்காட்சி. புதிய தலைவர் எதையோ திறந்துவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். சொல்லுக்குச் சொல் அவ்வளவு சுத்தம். ஒலிப்பதிவுக்காரன் என்பதால் என்னை அறியாமல் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றேன். காஜா அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "என்னக்கா சொல்றாரு?" என்று கேட்டார்.

அக்கா நிமிர்ந்து கொஞ்ச நேரம் கேட்டார். "இன்னும் ஒண்ணும் சொல்லலம்மா" என்று சொல்லிவிட்டு, என் கால்சட்டையை விரித்து எவ்வளவு குறைக்க வேண்டும் என்று என்னைக் கேட்டார்.